கறித்தூள் கடைக்கு வாடிக்கையாளரை முன்வைத்த சந்தைப்படுத்தல் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கடைத்தெரு மசாலா (கேள்வி)

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், கடைத்தெரு என்று நம்மவர்கள் அழைக்கும் லெபோ பாசாரை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் குடும்பத்தின் கறித்தூள் கடை இருக்கிறது. மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு முதலியவற்றை நாங்களே வறுத்து, கடையின் பின்கட்டில் உள்ள மில்லில் அரைத்து, மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், குருமாத்தூள், சாம்பார்த்தூள், ரசத்தூள் என்று எடைபோட்டு விற்கிறோம். இதுவரை கடையை நடத்திவந்த அப்பா, ஓய்வெடுத்துக்கொண்டு பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

பொட்டலமிடும் இயந்திரம் ஒன்று வாங்குவதற்காகத் சிறுதொழில் முனைவோருக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனல், இந்தியச் சமூகத்துக்கென நடத்தும் ஸ்பூமி கடனுதவிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அதற்காக வணிகத் திட்டம் எழுதத் தொடங்கி, பொருள், விலை, இயந்திரச் செலவு ஆகிய பகுதிகளை முடித்துவிட்டேன். சந்தைப்படுத்தல் பகுதியில்தான் பேனா நகர மறுக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்கள் ‘இலக்கு வாடிக்கையாளர்: 18 முதல் 60 வயது வரை’ என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டு விளம்பரச் செலவுக்குத் தாவிவிடுகின்றன. அந்த வரி கைப்பேசிக் கடைக்கும் பொருந்தும், முடிதிருத்தும் கடைக்கும் பொருந்தும்.

எங்களிடம் வருபவர்களோ ஒரே வகையினர் அல்லர். வார இறுதியில் வரும் குடும்பங்கள் இருக்கின்றன. கிலோக் கணக்கில் கடனுக்கு எடுக்கும் நாசி கண்டார் (சோறும் கறிகளும் விற்கும்) கடைகளும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்க வரும் பயணிகள் சிலர் சிறு பொட்டலங்கள் வாங்குகிறார்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளைகள், விடுமுறை முடிந்து திரும்பும்போது சில கிலோ கட்டிக்கொண்டு போகிறார்கள். இவர்களில் யாரை மனத்தில் வைத்துத் திட்டத்தை எழுதுவது? சமூக ஊடகப் பக்கத்தை மாதக் கட்டணத்துக்கு நடத்தித் தருவதாக ஒரு விளம்பர நிறுவனம் கேட்டிருக்கிறது. அதைத் திட்டத்தின் முதற்செலவாகக் காட்டுவது சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஏட்டுக்கணக்கு, பிறை

வணக்கம், சகோதரி. பிறை, பட்டர்வொர்த் பகுதிச் சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே ஏட்டின் பக்கம் நின்றே பேசுகிறேன். விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லவேண்டிய பதிலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். யாரிடம் என்ன சொல்லப்போகிறோம் என்பது தெளிவாகாத நிலையில் ஒப்புக்கொள்ளும் மாதக் கட்டணம், விற்பனை உயர்ந்தாலும் உயராவிட்டாலும் கணக்கில் நிலையாக உட்கார்ந்துகொள்ளும்.

நான்கு வகையினரைப் பிரித்துச் சொன்னீர்களே, திட்டத்தின் பாதி அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, ஒவ்வொரு வகையினரும் எவ்வளவு வாங்குகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்கள், கடைசியாக எப்போது வந்தார்கள் என்பதை ஏட்டைப் பார்த்து எழுதுவது. அஞ்சல்வழி விற்பனை செய்த பழைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலை இந்த மூன்று கேள்விகளால்தான் சலித்தெடுத்தன. மொத்தமாக எடுப்பவர்களுக்குக் கடன் ஏடு இருக்கும் என்பதால் அவர்கள் விவரம் உடனே கிடைக்கும். ரொக்கத்துக்கு வாங்கும் குடும்பங்களுக்குப் பெயர் இருக்காது. கல்லாவுக்கு அருகில் ஒரு தாளை வைத்து, எந்தத் தூள், எத்தனை கிராம், எந்த வட்டாரத்திலிருந்து வருகிறார்கள், முன்பு வந்தவரா புதியவரா என்று நான்கைந்து வாரங்களுக்குக் கோடு போட்டு வாருங்கள். கணினி வேண்டியதில்லை. டியூட்நவ் கியூஆர் (கைப்பேசியால் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் முறை) வழியாகப் பணம் செலுத்துபவர்களின் தொகையும் நேரமும் வங்கி அறிக்கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

அடுத்து, ஒரு வாடிக்கையாளரை அடைய எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கு. பின்வருபவை எடுத்துக்காட்டுக்கான எண்கள்தாம். உங்கள் உண்மை எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் மாதம் 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குகிறது, சரக்கும் மின்சாரமும் உறையும் போக அதில் 9 வெள்ளி நிற்கிறது என்றால், ஆண்டுக்கு 108 வெள்ளி. அந்தக் குடும்பம் நான்கு ஆண்டுகள் தொடர்ந்தால் 432 வெள்ளி. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பெறுவதற்கு 10 வெள்ளி மதிப்புள்ள மாதிரிப் பொட்டலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. கப்பற்பயணி 15 வெள்ளிக்கு ஒருமுறை வாங்குகிறார், 5 வெள்ளி நிற்கிறது, திரும்ப வரமாட்டார். அவரை இழுக்க 6 வெள்ளி விளம்பரம் செய்தால் ஒவ்வொரு விற்பனையிலும் 1 வெள்ளியைக் கையிலிருந்து கொடுக்கிறோம். சாப்பாட்டுக் கடை மாதம் 600 வெள்ளிக்கு எடுத்து 90 வெள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தரும் என்றால் உங்கள் 1,200 வெள்ளி எந்நேரமும் அவரிடமே கிடக்கிறது. பார்ப்பதற்குப் பெரிய வாடிக்கையாளர். மிளகாய் விலை ஏறும் மாதத்தில் கொள்முதலுக்குக் கையில் பணம் இல்லாமல் செய்பவரும் அவரே. இத்தகைய கடைகளுக்குக் கொடுக்கும் கடன் தவணையை, அதாவது அவர்கள் பணம் தரும் கெடுவை, எப்படிக் குறைப்பது என்பதையும் சந்தைப்படுத்தல் திட்டத்தில் எழுதலாம் என்பது என் கருத்து. வாடிக்கையாளரோடு உள்ள உறவைப் பற்றியதுதானே அதுவும்!

மாதிரிப் படிவங்கள் கேட்கும் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கு தலைப்புகளை 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி முன்வைத்தார். நான்குமே விற்பவர் பக்கம் நின்று பார்ப்பவை. 1990-இல் ராபர்ட் லாட்டர்போர்ன் அவற்றை வாங்குபவர் பக்கம் திருப்பி, அவருடைய தேவை, அவருக்கு ஆகும் மொத்தச் செலவு, வாங்குவதில் உள்ள வசதி, இருபக்க உரையாடல் என்று மாற்றிச் சொன்னார். உங்களுக்கு இரண்டாவது தலைப்பு மிக முக்கியம். பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து காரில் வரும் குடும்பத்துக்கு அரைக்கிலோ தூளின் விலை, நீங்கள் அட்டையில் எழுதி வைத்திருக்கும் விலை மட்டும் அன்று. தீவுக்கு வரும் திசையில் வாங்கப்படும் பாலக்கட்டணம், கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரம், பெட்ரோல் ஆகிய எல்லாம் அதில் சேரும். (மோட்டார்சைக்கிளுக்கு 2019 முதல் பாலக்கட்டணம் இல்லை என்றாலும், குடும்பத்தோடு சாமான் வாங்க வருபவர்கள் மோட்டார்சைக்கிளிலா வருவார்கள்?) விலையில் ஒரு வெள்ளி தள்ளுபடி கொடுப்பதைவிட, பெருநிலத்தில் குறித்த இடத்தில் குறித்த நாளில் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்வது அவருக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

நாட்காட்டியையும் கவனியுங்கள். நோன்பு மாதமும் ஹரிராயாவும் (நோன்புப் பெருநாள்) ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கின்றன. தீபாவளியும் ஒரே தேதியில் வருவதில்லை. ஆகவே சென்ற மார்ச்சை இந்த மார்ச்சோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்களைச் சென்ற ஆண்டு அதே பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்களோடு ஒப்பிடுங்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கும் புரட்டாசியில் நம்மவர் பலர் சைவத்துக்கு மாறுவதால் மீன், இறைச்சித் தூள்கள் படுத்துவிடும், சாம்பார்த்தூளும் ரசத்தூளும் எழும். உடனடுத்துத் தீபாவளிக்கு இறைச்சித் தூளுக்குக் கூட்டம் சேரும். எந்தத் தூளை எப்போது வறுப்பது, யாருக்கு எப்போது செய்தி அனுப்புவது என்பதை இந்த ஓட்டத்தின்படி எழுதினால், கடன் அதிகாரிக்கும் நீங்கள் உங்கள் வாடிக்கையாளரை அறிந்தவர் என்பது புரியும்.

சுங்கை ஆரா இல்லத்தரசி

நான் வியாபாரி அல்லள். உங்களைப் போன்ற கடையில் வாங்குபவள். கணக்கு ஐயா சொன்னவற்றோடு வாங்குபவர் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அரைத்த நாள் பொட்டலத்தின் மேல் இருக்கவேண்டும். பேரங்காடியில் கிடைக்கும் பெரிய நிறுவனங்களின் தூளை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு வருவதற்கு எங்களுக்கு உள்ள ஒரே காரணம் அந்தப் புதுமணம்தான். அதை நிரூபிக்கும் தேதியைப் பல கடைகள் எழுதுவதே இல்லை. அடுத்ததாக, எங்கள் வீட்டில் இருப்பவர்கள் நால்வர். ஒரு கிலோ வாங்கினால் பாதி தீர்வதற்குள் மணம் போய்விடுகிறது. 250 கிராம் பொட்டலம் இருந்தால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குவேன். ஒரு கிலோ மீனுக்கு எத்தனை மேசைக்கரண்டி, புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் எப்போது சேர்ப்பது என்று பின்பக்கத்தில் அச்சிட்டால், புதிதாகச் சமைக்கத் தொடங்கிய என் மகளைப் போன்றவர்களும், மலாய், சீன அண்டைவீட்டாரும் துணிந்து வாங்குவார்கள்.

எல்லாவற்றையும்விட, பெரிய நிறுவனங்களால் செய்ய இயலாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. என் மாமியார் தம் அளவுப்படி மல்லியும் மிளகாயும் தனியாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கூலிக்கு அரைத்து வாங்கி வருவார். அடுக்குமாடி வீட்டில் எனக்குக் காயவைக்க இடமில்லை. எங்கள் வீட்டு அளவை, அதாவது இத்தனை கிலோ மல்லிக்கு இத்தனை மிளகாய், வெந்தயம் எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பதை, நீங்களே ஓர் ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தொலைபேசியில் சொன்னவுடன் அரைத்து வைத்தீர்கள் என்றால், நான் வேறு கடைக்குப் போவதற்கே வழியில்லை. அந்த அளவு உங்கள் ஏட்டில்தானே இருக்கிறது!

கூகுள் வரைபடத்தில் கடை திறந்திருக்கும் நேரத்தைச் சரியாக வைத்திருங்கள். தைப்பூசத்துக்கு மூடியிருப்பது தெரியாமல் வந்து திரும்பியவர்களுக்கு விளம்பரம் காட்டி என்ன பயன்?

பிரிக்ஃபீல்ட்ஸ் தையலகம், கோலாலம்பூர்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். ஏட்டில் இருப்பவர்களை மட்டும் பார்த்துத் திட்டம் எழுதினால், ஏட்டில் இல்லாதவர்கள் ஏன் இல்லை என்பதைத் திட்டம் கேட்காது. ரவிக்கை தைக்கும் தொழிலில் நான் காண்பது இதுதான்: பழைய வாடிக்கையாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள், குறையே சொல்வதில்லை, அவர்களுடைய பிள்ளைகளோ ஷோப்பி இணையச் சந்தையில் ஆயத்தமாகத் தைத்த ரவிக்கையை வாங்கிவிடுகிறார்கள். மனநிறைவைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் கடை, வயது கூடக்கூடச் சுருங்கும். ஆகவே கடைக்கு வராத பத்துப்பேரைத் தேடிப்பிடித்து, வீட்டில் எந்தத் தூளை வைத்திருக்கிறார்கள், எங்கே வாங்கினார்கள், கடைத்தெருவுக்குக் கடைசியாக எதற்காக வந்தார்கள் என்று கேளுங்கள். ‘எங்கள் தூளை வாங்குவீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள்; முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

சமூக ஊடகத்தை அடியோடு தள்ளவும் வேண்டாம். இளையோர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் பண்டிகை வாழ்த்துப் படங்களை மாதக் கட்டணத்துக்குப் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. மல்லி வறுபடும் பக்குவம், மீன் தூளுக்கும் இறைச்சித் தூளுக்கும் உள்ள வேறுபாடு, இறைச்சித் தூளில் பட்டையும் கிராம்பும் ஏன் ஏறுகின்றன என்பன போன்றவற்றை ஒரு நிமிடக் காணொளியாக, கடையில் வேலை செய்பவரே கைப்பேசியில் எடுத்துப் போடலாம். உங்கள் மில்லை வெளியாள் ஒருவர் உங்களைவிட நன்றாக விளக்கிவிட முடியாது. தள்ளுபடியைப் பற்றியும் ஒரு சொல்: அடிக்கடி கொடுத்தால், வாடிக்கையாளர் தள்ளுபடிக்காகக் காத்திருந்து வாங்கப் பழகிவிடுவார். அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

கடைத்தெரு மசாலா

மூவருக்கும் நன்றி. வீட்டு அளவு ஏடு என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கூலிக்கு அரைப்பதை அப்பா எப்போதும் இடைஞ்சலான சில்லறை வேலையாகத்தான் பார்த்தார். தொடர்ந்து மூன்று ஐயங்கள் எழுகின்றன. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை வாங்கிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புவதற்குச் சட்டத்தில் ஏதேனும் கட்டுப்பாடு உண்டா? மலாய் வாடிக்கையாளர்களுக்காக உறையில் ‘ஹலால்’ என்று எழுதலாமா? நாங்கள் விற்பவை முழுக்கத் தாவரப் பொருள்கள்தாம். கடைசியாக, திட்டம் பலன் தருகிறதா என்பதை அளக்க விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

ஏட்டுக்கணக்கு, பிறை

தையலகத்தார் சொன்னதை ஏற்கிறேன். ஏட்டில் இல்லாதவர்களை என் பதிலில் நான் தொடவில்லை. அந்தப் பத்துப்பேரைத் தேடும்போது, முன்பு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; புதியவரைவிட அவர்கள் தெளிவாகக் காரணம் சொல்வார்கள்.

தொலைபேசி எண்களைப் பொறுத்தவரை, 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பெறும் விவரங்களை அது கட்டுப்படுத்துகிறது. எதற்காக எண்ணைக் கேட்கிறீர்கள் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தெரிவித்து, இசைவு பெற்ற பிறகே எண்ணை எழுதுங்கள். இவற்றோடு தமிழிலும் வைத்தால் நம்மவர் படிப்பார்கள். விளம்பரச் செய்தி வேண்டாம் என்று ஒருவர் எழுதித் தெரிவித்தால் நிறுத்தியாகவேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரே புலனக் குழுவில் போடாதீர்கள். ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனித்தனியே போய்ச் சேரும் ஒலிபரப்புப் பட்டியல் போதும்.

ஹலால் பற்றிய விதி கண்டிப்பானது. 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்பு ஆணைகளின்படி, ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் உறையில் அச்சொல்லையோ முஸ்லிம்கள் உண்ணத்தக்கது என்று பொருள்படும் வேறு விவரத்தையோ போடக்கூடாது. தாவரப் பொருள் என்பதால் விலக்கு கிடைக்காது. விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்குங்கள், அதற்கான செலவையும் காலத்தையும் திட்டத்தில் காட்டுங்கள். அதற்கு முன்பே சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழுக்கும் முயலலாம். உற்பத்தி இடத்தின் தூய்மைக்கும் உணவுப் பாதுகாப்புக்குமான சான்று அது. பெரிய கடைகளில் பொருளை வைக்கக் கேட்கும்போது கைகொடுக்கும். உறையில் பொருளின் பெயர், சேர்பொருள்கள், எடை, தயாரித்தவர் முகவரி ஆகியவை மலாயில் இருக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

அளவுகோல்களை மூன்றுக்கு மேல் போகவிடாதீர்கள். மாதத்தில் திரும்ப வந்த குடும்பங்களின் எண்ணிக்கை, வீட்டு அளவு ஏட்டில் பதிந்தவர்களின் எண்ணிக்கை, மொத்த வாடிக்கையாளர்கள் பணம் தர எடுத்துக்கொள்ளும் நாட்கள் ஆகியவை போதும். காணொளியை எத்தனைபேர் விரும்பினார்கள் என்பதை எழுதினால் அதிகாரி தலையாட்டுவார்; கடனைத் திருப்பிக் கட்ட அது உதவாது.

விண்ணப்பத்தின் அந்தப் பகுதியை இப்படித் தொடங்கலாம். எண்களை உங்கள் கோட்டுத்தாளிலிருந்து நிரப்பி, மலாயில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘எங்கள் முதன்மை வாடிக்கையாளர்கள் பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் வாழும், வீட்டில் நாள்தோறும் சமைக்கும் குடும்பங்கள். அவர்களில் இத்தனை விழுக்காட்டினர் 250 கிராமோ அதற்குக் குறைவாகவோ கேட்கின்றனர்; இப்போது கையால் கட்டுவதால், வார இறுதியில் அந்தக் கோரிக்கையை முழுமையாக நிறைவேற்ற இயலவில்லை. கோரப்படும் இயந்திரம் அரைத்த நாள் அச்சிட்ட சிறு பொட்டலங்களைத் தயாரிக்கப் பயன்படும். குடும்பங்களின் சொந்த அளவுப்படி அரைத்துத் தரும் சேவையை வார நாட்களுக்கு மாற்றி, முன்பதிவின் பேரில் விரிவாக்குவோம். சாப்பாட்டுக் கடைகளுக்கான விற்பனையை இப்போதைய அளவிலேயே வைத்துக்கொண்டு, கடன் தவணையை 30 நாட்களாகக் குறைப்போம். பயணிகளுக்கெனத் தனி விளம்பரம் செய்யும் எண்ணம் முதலாண்டில் இல்லை.’

கடைசி வரியை நீக்கச் சொல்லி யாரேனும் அறிவுரை கூறக்கூடும், நீக்காதீர்கள். சிங்கப்பூருக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதாததற்குக் காரணம், அவர்கள் எத்தனைபேர் என்பது உங்கள் தாள் நிரம்பிய பிறகே தெரியும் என்பதுதான். எண்கள் கிடைத்ததும் இங்கேயே பதிவிடுங்கள், அஞ்சல் செலவோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.